ஆயுத பூஜையன்று அணைக்காத கம்ப்யூட்டர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி உங்கள் முதலாளி என்னிடம் கேட்டார். "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க மேடம், பசங்களுக்கு உதவும்" என்றார். தாம்பரத்தைச் சுற்றி இருபத்தெட்டு வருடம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்தவளிடம் அனுபவத்தைக் கேட்டால் அது லேசில் நிற்காது. அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். அதுவும் நான் சொதப்பியது. சாதித்ததை எல்லாம் என் வீட்டுக்காரரிடம் சொல்லி முடித்துவிட்டேன். அவர் காது கொடுப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்ப்பது எப்படி என்று நான் கற்றுத்தரப் போவதில்லை. அரை நாளில் கற்றுக்கொள்வீர்கள். டிஸ்க் தன் நோயைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். கெட்டுப்போன எத்தனை இடத்தை ஒதுக்கிவைத்தது, எத்தனை இடம் படிக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது, எல்லாம் அதற்குள்ளேயே எண்களாக இருக்கும். ஒரு சின்ன மென்பொருளைப் போட்டால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டிவிடும். சிவப்பைப் பார்த்துச் சிவப்பு என்று சொல்வதற்கு யாரும் நமக்குச் சம்பளம் தருவதில்லை. பார்த்த பிறகு என்ன செய்தோம், பார்ப்பதற்கு முன்னால் எதைச் செய்யாமல் விட்டோம் என்பதில்தான் நம் பிழைப்பு இருக்கிறது.

முடிச்சூரில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ வாடிக்கை. தனசேகர், கற்பகம் என்று கணவனும் மனைவியுமாக நடத்தினார்கள். தனசேகர் அந்த ஊர்க்காரர். அப்பா காலத்து நிலம் எல்லாம் பிளாட் ஆன பிறகு, ரோட்டோரம் மிஞ்சிய இடத்தில் கடை கட்டி ஸ்டூடியோ வைத்தார். கல்யாண வீடுகளுக்குப் போய்ப் படம் எடுப்பது அவர் வேலை. கம்ப்யூட்டர் முழுக்கக் கற்பகத்தின் ராஜ்யம். ஆல்பம் டிசைன் செய்வது, மாப்பிள்ளையின் முகப்பருவை அழிப்பது, போட்டோவுக்கு வராமல் போன சித்தப்பாவை வேறு படத்திலிருந்து கொண்டுவந்து நிற்கவைப்பது எல்லாம் அவர்தான்.

வெள்ளம் வந்த வருடம் முடிச்சூர் பட்ட பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். தண்ணீர் வடிந்ததும் சனங்கள் முதலில் தேடியது பத்திரமும் ரேஷன் கார்டும். அடுத்தது கல்யாண ஆல்பம். பக்கம் பக்கமாக ஒட்டிப்போன ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு இந்த ஸ்டூடியோவுக்குத்தான் வந்தார்கள். கற்பகம் ஒவ்வொரு படத்தையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, ஸ்கேன் செய்து, மிச்சமிருந்த முகங்களைச் சரிசெய்து, கம்ப்யூட்டரில் 'வெள்ளம்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் சேர்த்தார். குடும்பத்துக்கு ஒரு உள் ஃபோல்டர். ஒரு வருடத்துக்கு மேல் அந்த வேலை நடந்தது. சுவரையும் கட்டிலையும் சரிசெய்யவே கை ஒழியாத சனங்கள், "இருக்கட்டும்மா, அப்புறமா வந்து பிரிண்ட் வாங்கிக்கறோம்" என்று விட்டுவிட்டுப் போனார்கள். பிரித்தெடுத்த அசல் படங்கள் பூஞ்சை பிடித்து, தொட்டால் சாயம் விரலில் ஒட்டும் நிலைக்கு வந்து, கடைசியில் குப்பைக்குப் போயின. ஆக, பக்கத்துத் தெருக்களில் பாதிப் பேருடைய கல்யாணம் கற்பகத்தின் ஒரே ஒரு டிஸ்க்கில் இருந்தது. வேறு எங்கும் இல்லை.

அடுத்து வந்த ஒரு ஆயுத பூஜை முடிந்து சில நாட்களில் கற்பகம் போன் செய்தார். நான் படப்பையில் ஒரு குடோனில் பில் போடும் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சுற்றி நான்கு பேர் நின்று என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, காலையில ஆன் பண்ணா கருப்பா ஒண்ணு வருதுக்கா. டிஸ்க் சரியில்ல, காப்பி எடுத்துட்டு மாத்துங்கன்னு போட்டிருக்கு. கீழ எஃப் ஒன் அமுக்கச் சொல்லுது."

"இப்போதைக்கு எஃப் ஒன் அமுக்கிட்டு வேலையப் பாருங்கம்மா. நான் வர்றேன்."

அமுக்கினார். கம்ப்யூட்டர் ஓடியது. நான் போகவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதிவிடலாம், ஆனால் அது முழு உண்மை இல்லை. முடிச்சூர் ரோட்டில் போகும்போது இரண்டு மூன்று தடவை ஞாபகம் வந்தது. திரும்பப் போன் வரவில்லையே, ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு போய்விட்டேன்.

பதினோரு மாதம் கழித்து மறுபடி ஆயுத பூஜை வந்தது. நம் தொழிலில் அது ப்ளோயர் வாரம் என்பது உங்களுக்குச் சீக்கிரமே புரியும். வருடம் முழுக்க நம்மைக் கண்டுகொள்ளாதவர்கள் எல்லாம் அந்த நான்கு நாளில் கூப்பிட்டு, கம்ப்யூட்டரைத் திறந்து தூசி ஊதித்தரச் சொல்வார்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனால் ஆயுத பூஜைப் பொரிகடலையை என் அளவுக்குச் சாப்பிட்டவர்கள் இந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள்.

பூஜையன்று கடைசி வீடாக முடிச்சூர் ஸ்டூடியோவுக்குப் போனபோது மணி மூன்றரை. கடையைக் கழுவிவிட்டு வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். கேமரா, லென்ஸ், விளக்குகள் எல்லாம் துடைத்து வரிசையாக வைத்துச் சந்தனப் பொட்டு வைத்தாயிற்று. வெளிக் கல்யாணங்களுக்குக் கொண்டுபோகும் சின்ன ஜெனரேட்டருக்குக்கூட மாலை போட்டிருந்தார்கள். புது வேட்டியில் தனசேகர் என்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா மேடம், உனக்கோசரம்தான் வெயிட் பண்ணிகினு கீறேன். இந்தக் கம்ப்யூட்டரு ஒண்ணுதான் பாக்கி. ஆஃப் பண்ணி ஊதிக் குடுத்தா பொட்டு வச்சிடுவேன். ஆறு மணிக்குப் பூஜ."

நான் ப்ளோயரை எடுத்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைக்கப் பொத்தானில் விரலை வைத்தேன். உள்ளேயிருந்து கற்பகம் ஓடிவந்தார்.

"அக்கா, அக்கா, ஆஃப் பண்ணாதீங்க! மறுபடி ஆன் பண்ணா அந்த மெசேஜ் வரும்."

"எந்த மெசேஜ்மா?"

"நீங்கதானே எஃப் ஒன் அமுக்கச் சொன்னீங்க? தினம் அமுக்கி அமுக்கி சலிச்சுப் போச்சுக்கா. அதான் மூணு வாரமா ஆஃபே பண்றதில்ல. ஓடிட்டே இருக்கு."

விரலை எடுத்துவிட்டேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். சிவப்பு. படிக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கும் இடங்களின் எண்ணிக்கையை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, கற்பகம் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு மறுபடி பார்த்தேன். அந்த ஒரு டீக்குள் எண்ணிக்கை கூடியிருந்தது. பெட்டியில் காதை வைத்தால் உள்ளே லேசாக டக்கென்று ஒரு சத்தம்.

இந்த நிலையில் நிற்கும் டிஸ்க்கை அணைத்தால் மறுபடி எழுந்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அணைக்காமல் விட்டாலும் எந்த நிமிடமும் போகலாம். இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்கு ஒரு ஆசை வரும். நிச்சயமாகக் கெட்டுவிட்டதா என்று முழுச் சோதனை ஒன்று போட்டுப் பார்த்துவிடலாமே என்று தோன்றும். தோன்றினால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். சேலையூரில் ஒரு டைப்ரைட்டிங் பள்ளியில் நான் அப்படித்தான் போட்டேன். டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்கவைக்கும் சோதனை அது. பாதியில் டிஸ்க் செத்தது. மிச்சமிருந்த மூச்சை நானே சோதனைக்குச் செலவழித்திருந்தேன். அதனால் முடிச்சூரில் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது: அணைக்கக் கூடாது, சோதிக்கக் கூடாது, உடனே காப்பி எடுக்க வேண்டும். படப்பை குடோன்காரருக்காக வாங்கிய புது டிஸ்க் ஒன்று பையில் இருந்தது.

ஆனால் அதற்கு முன்னால் தனசேகரிடம் சொல்ல வேண்டுமே.

"இன்னா மேடம், ரிப்பேரா?" என்றார்.

"ஹார்ட் டிஸ்க் எப்ப போகும்னு சொல்லவே முடியாது சார்" என்று ஒரு வாக்கியம் நம் எல்லாரிடமும் தயாராக இருக்கும். அது என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அவரும் தலையாட்டியிருப்பார். ஆனால் இந்த டிஸ்க் சொல்லாமல் போகவில்லை. தினம் காலையில் சொன்னது.

"சார், இது பதினோரு மாசமா சொல்லிட்டே இருந்திருக்கு. கற்பகம் எனக்குப் போனும் பண்ணாங்க. எஃப் ஒன் அமுக்கிட்டு வேலையப் பாருங்கன்னு நான்தான் சொன்னேன். வந்து பாக்கல. தப்பு என்னோடது."

தனசேகருக்குக் குரல் ஏறியது. "இன்னா மேடம் இப்டி பண்ணிட்ட? ஊரு சனம் கேட்டா இன்னா சொல்வேன்? வெள்ளத்துல போனத எடுத்துக் குடுத்துட்டு, அப்பால நானே தொலைச்சிட்டேன்னு சொல்றதா? எத்தினி பேரு கற்பகத்த நம்பி வுட்டுட்டுப் போயிருக்காங்க தெரியுமா?"

"காப்பி எடுக்கப் பாக்கறேன் சார். எவ்வளவு வரும்னு தெரியல. ஆனா அதுவரைக்கும் ஆஃப் பண்ணக் கூடாது. பூஜைக்கும் பண்ணக் கூடாது" என்றேன்.

தப்பை ஒப்புக்கொண்டதைவிட இதுதான் அவரை உலுக்கியது. "வெள்ளத்துக்கு மறு வருஷம் கேமராவே இல்ல மேடம். அப்பகூட ஸ்டாண்டுக்குப் பொட்டு வச்சு பூஜ போட்டேன். வருஷத்துல ஒரு நாளு அதுக்கு ரெஸ்ட் வேணாவா? ஓடிகினு கீற மிஷினுக்கு எவனாவது பூஜ போடுவானா?"

"ஐசியூல படுத்திருக்கறவங்கள எழுப்பிக் குளிப்பாட்டியா பொட்டு வைப்பாங்க?" என்றார் கற்பகம். "படுத்தாப்புல நெத்தியில வைக்க மாட்டாங்க? சும்மா இருங்க."

தனசேகர் சந்தனக் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு நகர்ந்தார்.

நான் கற்பகத்திடம் கேட்டேன். "எது போனா திரும்ப வராது? அதை மட்டும் சொல்லுங்க." இந்தக் கேள்வியை எப்போதும் வாடிக்கையாளரிடம் கேளுங்கள். நீங்களாக முடிவு செய்தால் அளவில் பெரிய ஃபோல்டரையோ அகரவரிசையில் முதலில் நிற்பதையோதான் எடுப்பீர்கள். கற்பகம் யோசிக்கவே இல்லை. கல்யாண ஆர்டர்கள் எல்லாம் அந்தந்தப் பார்ட்டியிடம் பென் டிரைவில் இருக்கின்றன, முடிக்காதவை கேமராவின் மெமரி கார்டில் இருக்கின்றன, அதெல்லாம் வேண்டாம் என்றார். 'வெள்ளம்' மட்டும்தான். அதற்குள்ளும் ஒரு வரிசை சொன்னார். ஆற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டவர்கள் முதலில், அவர்களிடம் வேறு எதுவுமே மிஞ்சவில்லை. பிறகு கணவனோ மனைவியோ தவறிப்போன வீடுகள். பிறகு மற்றவர்கள். பட்டியலின் கடைசியில் 'நம்ம வீடு' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது.

"இது?"

"எங்க கல்யாண ஆல்பம்தான்க்கா. அதுவும் நனைஞ்சுடுச்சில்ல. கடைசியில போடுங்க. நம்மளுதுதானே."

அதன்படியே போட்டேன்.

கம்ப்யூட்டரை அணைக்காமலே புது டிஸ்க்கை யு.எஸ்.பி. வயரில் வெளியே மாட்ட, நான்கரைக்குக் காப்பி ஓட ஆரம்பித்தது. நல்ல இடத்தில் ஓட்டமாக ஓடும், கெட்ட இடம் வந்தால் நின்று மூச்சு வாங்கும். ஆறு மணிக்குப் பூஜை. விசிறி இருக்கும் பக்கம் வேண்டாம் என்று நான் கெஞ்சியதால், பெட்டியின் மேல்மூலையில் ஒரு பொட்டு மட்டும் வைத்தார்கள். கற்பூரத்தை வாசலிலேயே காட்டினார்கள். நான் பொரிகடலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பொரிகூட உள்ளே இறங்கவில்லை.

ஆறரைக்கு மழை பிடித்தது. முடிச்சூரில் மழை வந்தால் கரண்ட் போகும் என்பதை உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கடை இருண்டது. யு.பி.எஸ். கீ, கீ என்று கத்த ஆரம்பித்தது. பழைய பேட்டரி, மிஞ்சினால் பத்து நிமிடம் தாங்கும். காப்பியில் மூன்றில் ஒரு பங்கு பாக்கி.

மூன்று பேரும் ஒரே சமயத்தில் ஜெனரேட்டரைப் பார்த்தோம். மாலையும் பொட்டும், முன்னால் எலுமிச்சம்பழமுமாக அது இருந்தது. பூஜை போட்ட சாமானை மறுநாள் காலையில் நல்ல நேரம் பார்த்துத்தான் எடுப்பார்கள். அதற்கு முன்னால் தொடக்கூடாது. எடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தப்புச் செய்தவளே நான். அதற்கு மேல் சாமி விஷயத்திலும் தலையிட எனக்கு என்ன முகம் இருக்கிறது? யு.பி.எஸ். மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

தனசேகர் சரஸ்வதி படத்தைப் பார்த்தார். ஜெனரேட்டரைப் பார்த்தார். பிறகு புது வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மன்னிச்சிக்க தாயே, அவசரம்" என்று சொல்லிவிட்டு அதைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப்போய்க் கயிற்றைச் சுண்டினார். முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவையும் இருமியது. மூன்றாவது இழுப்பில் சாமந்தி இதழ்கள் நாலாபக்கமும் பறக்க, படபடவென்று பிடித்துக்கொண்டது. சாரல் படாமல் கற்பகம் குடை பிடிக்க, நான் வயரை மாற்றிச் செருகினேன். யு.பி.எஸ். அடங்கியது.

தனசேகர் முகத்தில் அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "போன வாட்டி கல்யாணத்துல ஏழு தபா இஸ்தேன் மேடம். இன்னிக்கு மூணே தபா. பூஜ போட்டது வீண் போவல பாரு."

ஏழரை வாக்கில் கடைசி வீட்டின் படங்களும் புது டிஸ்க்குக்கு வந்து சேர்ந்தன. அங்கங்கே ஒன்றிரண்டு படம் திறக்கவில்லை. மற்றபடி எல்லாம் வந்துவிட்டது. நான் அப்பாடா என்று சாய்ந்தேன். 'நம்ம வீடு' ஓட ஆரம்பித்தது. டக், டக், டக் என்று சத்தம் வேகமானது. திரை அப்படியே உறைந்தது. பிறகு, அப்படி ஒரு டிஸ்க்கே இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது.

அது சின்ன ஃபோல்டர். இரண்டு நிமிட வேலை. வரிசை கேட்டேன், அவர் சொன்னபடியே செய்தேன், ஆனால் என் மூளையைக் கொஞ்சம் செலவழித்திருந்தால், 'உங்களுடையதும் போனால் வராதும்மா' என்று சொல்லி முதலிலேயே போட்டிருப்பேன். நம் சனங்கள் தங்களுடையதைக் கடைசியில்தான் சொல்வார்கள். அதைத் தெரிந்து முன்னால் நகர்த்துவது நம் வேலை. இதை எந்த மென்பொருளும் உங்களுக்குச் செய்து தராது.

இறந்த டிஸ்க்கிலிருந்து தகவல்களை மீட்டுத்தரும் ஒரு ஆய்வகத்துக்கு அதை அனுப்பினோம். தகட்டில் ஆழமாகக் கீறல் விழுந்துவிட்டது, ஒன்றும் தேறாது என்று திரும்பி வந்தது. நானே நேரில் போய்ச் சொன்னேன். "பரவால்லக்கா" என்றார் கற்பகம். நம் ஊரில் பரவாயில்லை என்று சொன்னால் பரவாயில்லை என்று அர்த்தமில்லை. புது டிஸ்க்கோடு, தினமும் தானே காப்பி எடுத்துக்கொள்ள இன்னொன்றும் போட்டுக்கொடுத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் மனசு சரியில்லை.

சில மாதம் கழித்துக் கற்பகம் கூப்பிட்டார். "அக்கா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க." இந்த முறை மறுநாளே போனேன். ஸ்டூடியோ சுவரில் புதிதாக ஒரு படம் மாட்டியிருந்தது. பெரும்பாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் தங்கள் படங்களைப் பிரிண்ட் வாங்க வந்திருக்கிறது. ஒவ்வொன்றாகத் திறந்து காட்டும்போது ஒரு கல்யாண மேடை வந்திருக்கிறது. வரவேற்புக்குப் போனால் மேடையேறி, மணமக்களை நடுவில் நிறுத்தி, குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக்கொள்வோமே, அப்படி ஒரு படம். அந்தக் குடும்பம் வாங்கிப் பத்திரமாக வைத்திருந்த பிரதி. நடுவில் மணமக்களாக நின்றது கற்பகமும் தனசேகரும். ஸ்கேன் செய்த அன்று, நூற்றுக்கணக்கான படங்களின் அவசரத்தில், மாலைக்கும் தண்ணீர்க் கறைக்கும் நடுவே இருந்த தன் முகத்தையே கற்பகம் கவனிக்கவில்லை.

"ஊரையே கண்ணத் தொறங்க, கண்ணத் தொறங்கன்னு சொல்றவன் நானு" என்றார் தனசேகர். "என் கல்யாணத்துல கண்ண மூடிகினு கீறேன் பாரு மேடம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அழுதேன் என்றே எழுதுகிறேன், வெட்கம் ஒன்றும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்தது வந்தோம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புது டிஸ்க்கின் எண்களைப் பார்த்தேன். எல்லாம் பச்சை.

"நல்லா இருக்கும்மா. கவலைப்படாதீங்க" என்றேன்.

கற்பகம் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குரலில் கோபம் இல்லை. சிரித்த முகமாகத்தான் சொன்னார்.

"ஸ்கிரீன இந்தப் பக்கம் திருப்புங்கக்கா. நானே பாத்துக்கறேன்."

திருப்பினேன். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, இது என்ன, இது ஏறினால் என்ன அர்த்தம் என்று கேட்டுக் கேட்டுப் படித்தார். அவர் படித்து முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.